இடது பக்கப் பச்சைப் புள்ளி

நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸ் மாத்தளையில் காய்வதற்குப் பத்து நிமிடம் பிடிக்கும். மழைக்காலமென்றால் இருபது. இங்கே தோஹாவில் மூன்று நிமிடம் போதும். ராத்தா, நீங்கள் கேட்ட கடிதத்தை இதிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சுலபமாக இருக்கிறது.

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அதனால் போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் பர்ஸானாவிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம். தங்கச்சியிடம் கொடுக்க வேண்டாம். நீங்களே வாசியுங்கள்.

லோயர் கேட்டது ஒரே ஒரு விஷயம் என்று சொன்னீர்கள். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் ஷிஹாம் மச்சானின் வேகன் காரில், இடது முன் சக்கரத்துக்குப் பின்னால், பச்சைப் புள்ளி இருந்ததை நான் கண்டேன் என்று எழுதி, தூதரகத்தில் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அது வந்துவிட்டால் செவ்வாய்க்கிழமை சஞ்சீவன் அண்ணன் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்வார், வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும், உங்களுக்கும் அலைச்சல் தீரும்.

பச்சைப் புள்ளி இருந்தது உண்மை. நான் கண்டதும் உண்மை. மற்றதையும் சொல்கிறேன். லோயருக்கு விளங்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாங்கள் நாலு பேர். உங்கள் கணவர் ஷிஹாம் மச்சான், உங்கள் தம்பி நான், சஞ்சீவன் அண்ணன், ஆறுமுகநாதன் சேர். சேர் மலை மேலே எல்கடுவையில் பள்ளிக்கூடத்து அதிபர். சஞ்சீவன் அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த தொழில்நுட்ப அலுவலர். எங்களைச் சேர்த்து வைத்தது பழைய வேகன்கள். கிழமை முழுக்க அவரவர் வேலை, சனி, ஞாயிறு வந்தால் உங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் கராஜ். ஒருவருடைய வேகனின் கீழே மற்ற மூவரும் படுத்திருப்போம். மச்சானுடையது அறுபத்தெட்டாம் வருடத்து மொரிஸ் டிரவலர். பின்பாதி மரச்சட்டம் போட்ட வேகன். அதன் மரத்தைச் செதுக்கியது நான். பின் கதவுக் கண்ணாடியை யட்டவத்தையில் ஒரு பழைய இரும்புக் கடையில், வைக்கோலுக்கு அடியில் தேடிப் பிடித்ததும் நான்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வேகன் மீது எனக்குக் கோபம் இருந்ததில்லை.

புள்ளி வைக்கும் வழக்கம் சேர் கொண்டுவந்தது. ஒருமுறை மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவுக்குப் போகும் வழியில் ஒரு சக்கரம் ஆடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் நட் எல்லாம் கையால் திருகியபடியே இருந்தன. நாலு பேரும் மற்றவர் இறுக்கியிருப்பார் என்று நினைத்திருந்தோம். அன்றைக்குச் சேர் சொன்னார், இனிமேல் கடைசியாக இறுக்கியவர் தன்னுடைய நிறத்துக் கியூட்டெக்ஸால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். போல்ட்டில் பாதி, அது உட்கார்ந்திருக்கும் இரும்பில் பாதி. பிறகு தளர்ந்தால் புள்ளி இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுக்கும். புள்ளி விழுந்த இடத்தில் வேறு யாரும் ஸ்பனர் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த ஆளை நம்பவில்லை என்று அர்த்தம். இரண்டு வருடமாக அந்த வழக்கத்தை யாரும் மீறவில்லை.

சேர் நீலம். மச்சான் மஞ்சள். சஞ்சீவன் அண்ணன் பச்சை. அந்த நிறத்தைத் தேடி மனைவி வாகினி அக்கா கண்டி முழுக்க அலைந்ததாக அவர் சொல்லிச் சிரிப்பார். நான் சிவப்பு. என்னுடையது உங்கள் குப்பி, ராத்தா. நிக்காஹ்வுக்கு வாங்கி, பூசியிருந்தால் தொழுகைக்குக் கை கால் கழுவும் ஒளூ கூடாது என்று ஒரே நாளில் அழித்துவிட்டு அலுமாரியில் போட்டு வைத்தது. நீங்கள்தான் எடுத்துத் தந்தீர்கள்.

இனி அந்தத் தேநீர் விஷயம்.

மச்சானுக்கு முன் சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட வேண்டும் என்று ஆசை வந்தது. யோசனை சஞ்சீவன் அண்ணனுடையது. சாமான் அவரே தேடிக் கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்றேன். வண்டி எப்படி வந்ததோ அப்படியே இருப்பதுதான் அழகு, டிரம் பிரேக் அதன் வேகத்துக்குப் போதும் என்றேன். பேசப் பேச எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு அப்படித்தான் ஆகும், உங்களுக்குத் தெரியும்.

மச்சான் சேரைப் பார்த்துச் சொன்னார்: "இவன விட்டா முன்னுக்கு ரெண்டு மாட்டக் கட்டச் சொல்லுவான் சேர். அதுதானே முதல் ஒரிஜினல்."

"மாட்டுக்கும் மூக்கணாங்கயிறு இருக்குத்தானே," என்றார் சேர். "அதுவும் ஒரு பிரேக்தான்."

நான் சொன்னேன்: "சிரிங்க. இந்த டிஸ்க் ஒரு நாளைக்கு உங்கள நடு ரோட்டுல நிப்பாட்டும், பாருங்க."

"நிப்பாட்டத்தானேடா பிரேக்," என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றீர்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஒரு கோப்பை சரிந்து தட்டில் கொட்டுமளவுக்குச் சிரித்தீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது நல்ல பகிடிதான். அது என்னைப் பற்றியதாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு இரண்டு வாய் தேநீர் குடித்தேன், மீதியை வைத்துவிட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேலை நடந்தது. நானும் உதவி செய்தேன். சஞ்சீவன் அண்ணன் நிதானமான வேலைக்காரர், ஒவ்வொரு போல்ட்டையும் துணியால் துடைத்துத்தான் போடுவார். பின்னேரம் நாலு மணிபோல் எல்லாம் முடிந்து, மச்சான் மிதித்துக் காட்ட, பிரேக் ஒயிலில் இருந்த காற்றையும் எடுத்தாயிற்று. மச்சான் அஸர் தொழப் பள்ளிக்குப் போனார். அப்போது வாகினி அக்காவிடமிருந்து போன் வந்தது.

"பஸ்லி, மகனுக்கு மூச்சு இழுக்குதாம். நான் வெளிக்கிடுறன்," என்றார் சஞ்சீவன் அண்ணன். கை கழுவக்கூட நிற்கவில்லை. "வலது பக்கம் இறுக்கிப் புள்ளி வைச்சிட்டன். இடதும் இறுக்கினனான், ஆனா புள்ளி வைச்சனோ தெரியேல்ல. ஒருக்காப் பாத்துவிடும்."

"பாக்கிறேன் அண்ணே. நீங்க போங்க, பிள்ளையப் பாருங்க."

பார்த்தேன். புள்ளி இல்லை. பிரேக் குழாயைப் பிடித்திருக்கிற அந்த போல்ட்டில் ஸ்பனரை வைத்து அழுத்தினேன், அசையவில்லை. நன்றாகத்தான் இறுக்கியிருந்தார். அவருடைய வேலையில் ஒரு குறையும் இல்லை. இதை லோயர் கோடிட்டு வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு நான் அதை மறுபக்கம் திருப்பினேன். கால் சுற்று.

நான் நினைத்தது என்னவென்று சொல்கிறேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் நாலந்தாவுக்குப் போவதாக இருந்தது. பெரிய ரோட்டில், வேகமில்லாமல், வரிசையாகப் போகும் பயணம். மிதிக்க மிதிக்க ஒயில் கசியும். வழியில் எங்கேயோ பெடல் மெதுவாகும். மச்சானுக்கு அது உடனே விளங்கும், ஓரமாக நிறுத்துவார். பின்னால் வருகிற நாங்கள் இறங்குவோம். நான் ஒன்றும் சொல்லாமல் நிற்பேன் என்றுகூட முடிவு செய்திருந்தேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லக் கூடாது, சும்மா நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. அந்த வண்டியில் பிரேக் குழாய் ஒரே வழியில் ஓடுகிறது, ஒரு சக்கரத்தில் ஒயில் போனால் நாலிலும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதை நான் பெரிதாக யோசிக்கவில்லை.

அதன் பிறகு புள்ளி வைத்தேன். என்னுடைய சிவப்புக் குப்பி காய்ந்து போயிருந்தது. சஞ்சீவன் அண்ணன் அவசரத்தில் விட்டுப் போன பச்சைக் குப்பி பக்கத்தில் இருந்தது. அதை எடுத்தேன். பத்து நிமிடம் காத்திருந்து, காய்ந்த பிறகு சக்கரத்தைப் பூட்டினேன். மச்சான் பள்ளியிலிருந்து வந்து என் முதுகில் தட்டி, "கோவம் ஆறிட்டா வாத்தியார்?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லோரும் உங்கள் வீட்டு முன்னால் நின்றோம். நீங்கள் பராட்டாவும் கட்டாச் சம்பலும் சுற்றித் தந்தீர்கள். சஞ்சீவன் அண்ணனின் மகனுக்குச் சுகமாகியிருந்தது. சேர் மட்டும் வரவில்லை. அவரிடமிருந்து போன் வந்தது, அவருடைய வேகன் எல்கடுவையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று.

"நான் போய் ஏத்திட்டு வாறேன்," என்றார் மச்சான். "எப்பிடியும் புது பிரேக்க மலையிலதானே பாக்கணும்."

சஞ்சீவன் அண்ணன் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "பஸ்லி, இடது பக்கம் பாத்தனீரா?"

எல்லோரும் நின்றார்கள். நீங்கள் கேற்றடியில் நின்றீர்கள். பக்கத்து வீட்டு நிஸ்தார் நானாவும் உடுத்த சாரத்தோடு வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "பாத்தேன் அண்ணே. புள்ளி இருந்திச்சு."

"அப்ப சரி," என்றார் அவர்.

மச்சான் முன் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி துடைப்பதில் அவர் எவ்வளவு நேரம் எடுப்பார் என்று உங்களுக்குத் தெரியும். மூலையெல்லாம் துடைத்தார், பின் கதவுகளையும் துடைத்தார். நாலு, ஐந்து நிமிடம் இருக்கும். சொல்வதென்றால் சொல்லியிருக்கலாம். 'மச்சான், கொஞ்சம் பொறுங்க, சக்கரத்த ஒருக்கா கழட்டிப் பாப்போம்' என்று சொன்னால் போதும். கழற்றினால் தெரிந்துவிடும். பச்சைப் புள்ளி, தளர்ந்த போல்ட், அதைப் பார்த்ததாக இப்போதுதான் சொன்ன நான். எல்லோர் முன்னாலும். ஏன் செய்தாய் என்று கேட்பார்கள். தேநீர் குடிக்கும்போது சிரித்ததற்காக என்று நான் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது? அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மலையில் ஏறும்போது பிரேக் அவ்வளவாகத் தேவைப்படாது, ஏறும்போதே கசிந்து அவருக்கு விளங்கிவிடும் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஏறும்போது அவருக்கு விளங்கவில்லை. நான் சொன்னதுதான், ஏறும்போது பிரேக் அவ்வளவாகத் தேவைப்படாது.

இறங்கும்போது நடந்ததைச் சேர் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குக் கீழே இருக்கும் இரட்டை வளைவு. முதல் வளைவில் மச்சான் மூன்று தரம் மிதித்தாராம். நாலாம் தரம் கால் தரையில் போய்ப் பட்டதாம். அவர் சத்தம் போடவில்லை. "சேர், நல்லாப் புடிச்சிக்கங்க," என்று மட்டும் சொல்லி, வண்டியைத் தன் பக்கம் மண் மேட்டில் மோதும்படி திருப்பினாராம். சேருக்கு இடுப்பு எலும்பு போனது, இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மௌத்தானார். நான் செதுக்கிய மரச்சட்டத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

மச்சானின் ஜனாஸா வீட்டில் நடந்த ஒன்றை யாருக்கும் சொன்னதில்லை. கதிரைகள் போட்டிருந்த இடத்தில் நிஸ்தார் நானா யாரிடமோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பஸ்லி அந்தப் பிரேக் வேணான்னு அவ்வளவு சொன்னானாம். இவங்கதான் கேக்கல." அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ குளிர்ந்தது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாதிரி. ஒரு நொடிதான். உள்ளே நீங்கள் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் எனக்கு அப்படி இருந்தது. நான் செய்த எல்லாவற்றிலும் அதற்குத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன். இங்கே கட்டிலில் படுத்திருக்கும்போது அது ஞாபகம் வந்தால் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்கிறேன். அறையில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனாலும் இழுத்துக்கொள்கிறேன்.

வாகனப் பரிசோதகர் இடது சக்கரத்தைக் கழற்றிப் படம் எடுத்தார். ஒயில் பட்டு ஓரம் மங்கியிருந்தாலும் புள்ளி பிளக்கவில்லை. ஆகவே பிறகு தளர்ந்ததல்ல, புள்ளி வைக்கும்போதே அது இறுக்கப்படாமல் இருந்தது என்று எழுதினார். அவர் எழுதியது சரி. பொலிஸ் என்னைக் கேட்டபோது, பச்சைப் புள்ளி இருந்ததால் எங்கள் வழக்கப்படி நான் அதைத் தொடவில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். நல்ல வழக்கம் என்று சார்ஜன் தலையாட்டினார்.

சஞ்சீவன் அண்ணனுக்கு அந்தப் படத்தைக் காட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் படத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். "நான் இறுக்கினனான் எண்டுதான் நினைச்சன்," என்றார். பிறகு, "புள்ளி வைச்சது ஞாபகமே இல்லை. அப்ப இறுக்கினதும் நினைப்பாத்தான் இருக்கும்," என்றார். என்னிடம், "உம்மை ஒண்டும் சொல்லேலாது பஸ்லி, நீர் பச்சையைக் கண்டனீர்தானே," என்றார். தன் கைமேல் அவருக்கிருந்த நம்பிக்கை அந்த மேசையிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் ஸ்பனர் பிடிக்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வாகினி அக்கா உங்கள் வீட்டுக்கு வந்து காலடியில் உட்கார்ந்து அழுததையும் சொன்னீர்கள். நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தூரமாகப் பிடித்துக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி மூன்றாம் நாள் நான் பிளேன் ஏறினேன். விசா ஏற்கெனவே வந்திருந்தது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை. ஒவ்வொரு நட்டையும் இரண்டு தரம் பார்க்கிறேன் என்று சூப்பர்வைசர் மற்றவர்களுக்கு என்னைக் காட்டிச் சொல்கிறார்.

நான் ஒரு கெட்டவன் இல்லை, ராத்தா. விளையாட்டுக்கும் கோபத்துக்கும் நடுவில் செய்தது எல்லை மீறிவிட்டது. மச்சான் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. உங்கள் மகள் ஜஸ்லாவைக் கேளுங்கள்.

அன்றைக்குக் காலை வாப்பாவோடு மலைக்குப் போக வேண்டும் என்று அவள் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். கையில் பராட்டாப் பொட்டலம். நான்தான் போய்த் தூக்கி இறக்கினேன். "மாமாவோட இரு மகள், நாம பின்னுக்கு வருவோம்," என்றேன். அவள் என் தோளில் கடித்தாள், கத்தினாள். "விடேன்டா, பிள்ளை வரட்டுமே," என்றார் மச்சான். நான் விடவில்லை. அவர் தனியாகப் புறப்படும்வரை அவளை இறுக்கிப் பிடித்திருந்தேன். அதற்காக நீங்கள் ஒவ்வொரு பெருநாளும் எனக்கு நன்றி சொல்கிறீர்கள். அல்லாஹ் உன் மனதில் போட்டான் என்கிறீர்கள். கெட்டவனாக இருந்தால் பிள்ளையை இறக்கியிருப்பேனா? இதை லோயரிடம் சொல்லலாம் என்று நினைத்துத்தான் பேச ஆரம்பித்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அது வேறு மாதிரிக் கேட்கிறது. பிள்ளையை இறக்கியவனுக்கு, அந்த வண்டி எங்கே போகிறது என்று தெரிந்திருக்கிறது.

அது இருக்கட்டும்.

இதை அப்படியே கோர்ட்டில் கொடுங்கள். சஞ்சீவன் அண்ணன் ஒப்புக்கொள்ள வேண்டாம், அவர் அதைச் சரியாகத்தான் இறுக்கினார். சேருக்கும் சொல்லுங்கள், அவருடைய வழக்கத்தில் பிழை இல்லை. முத்திரை குத்திய பிரதியை வியாழக்கிழமை அனுப்புவேன் என்று சொல்ல வந்தேன். ஆனால் வழக்கு செவ்வாய்க்கிழமை. நாளைக் காலையே தூதரகத்துக்குப் போகிறேன்.

இன்னும் ஒன்று. மேலே சொன்னதில் ஒரு இடம் திருத்த வேண்டும். இன்றைக்கு சுபஹ் தொழுத பிறகு பெட்டியைத் திறந்து உங்கள் சிவப்புக் குப்பியை எடுத்தேன். ஊரை விட்டு வரும்போது ஏன் கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை. காய்ந்து கட்டியாகியிருக்கும், படம் எடுத்து உங்களுக்கு அனுப்பலாம், பச்சையை ஏன் எடுத்தேன் என்பதற்கு அத்தாட்சியாக இருக்கும் என்று நினைத்தேன். மூடியைத் திருகினேன். தூரிகையில் சிவப்பு சொட்டச் சொட்ட வந்தது. நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன், மூன்று நிமிடத்தில் காய்ந்தது.

அன்றைக்கும் அது காய்ந்திருக்கவில்லை, ராத்தா. என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பச்சையை எடுத்தேன்.